பரிணாமத்தில் கடவுளின் கை எந்தப் படியில்?

#1 தும்பி

"கடவுள்தான் பரிணாமத்தின் வழியாக உயிர்களைப் படைத்தார்" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகிறவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. எந்தப் படியில், எப்படி என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த இழையில் அதை மட்டும் பேசுவோம்.

கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உயிரற்ற பொருளிலிருந்து முதல் உயிரணு வந்தது ஒன்று. தலைமுறைக்குத் தலைமுறை மரபணுவில் மாற்றம் விழுவதும் அதில் சில நிலைப்பதும் இரண்டு. மனிதனுக்கு உள்ளம் அல்லது ஆன்மா வந்தது மூன்று. உங்கள் மரபு இந்த மூன்றில் எங்கே கடவுளை வைக்கிறது, வைத்தால் வரும் சிக்கல் என்ன, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். தசாவதாரம்தான் டார்வின் கொள்கை, "புல்லாகிப் பூடாய்" தான் பரிணாமம் என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். போடுவதானால் பாடலை முழுதாகப் படித்துக்காட்டி நிறுவுங்கள்.

#2 வெண்ணெய்நல்லூரான்

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். அது தெளியாமல் மேலே போக முடியாது.

சிவபுராண வரிசை இது: புல், பூடு, புழு, மரம், பல்விருகம், பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், கணங்கள், வல்லசுரர், முனிவர், தேவர். பறவைக்குப் பிறகு பாம்பு வருகிறது, பாம்புக்குப் பிறகு கல் வருகிறது. இது இனங்கள் தோன்றிய கால வரிசை அன்று. "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்பதில் எழுவாய் ஓர் உயிர். ஒரே உயிர் பல உடல்களில் புகுந்து புறப்படுகிறது. டார்வின் சொன்னது ஓர் உடலிலிருந்து அடுத்த உடல் வழிவருவதை. இங்கே புழுவின் உடலிலிருந்து மரத்தின் உடல் வந்ததாக ஒரு சொல்கூட இல்லை.

தொல்காப்பிய மரபியலையும் இப்படித்தான் இழுப்பார்கள். புல்லும் மரனும் ஓரறிவு, நந்தும் முரளும் ஈரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, மாவும் மாக்களும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. அருமையான வகைப்பாடு, புலன்களை அளவுகோலாக வைத்துப் பிரித்தது. ஆனால் வகைப்பாடு வேறு, வழிவருதல் வேறு. எறும்பு நத்தையிலிருந்து வந்தது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் வைப்பது அவருக்குப் பெருமை ஆகாது.

தசாவதார ஒப்பீடு 19ஆம் நூற்றாண்டில் கிளம்பியது. பிளாவட்ஸ்கி 1877இல் எழுதினார், கேசவ் சந்திர சென் 1882இல் பேசினார். பாகவதம் முதல் ஸ்கந்தத்தின் 22 அவதாரப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். அதில் வராகம் இரண்டாவது, மச்சம் பத்தாவது, கூர்மம் பதினோராவது. பத்து அவதாரப் பட்டியலை மட்டும் எடுத்தால்தான் மீனில் தொடங்கும். அந்தப் பட்டியலிலும் பரசுராமரும் இராமரும் நேருக்கு நேர் நின்று பேசுகிறார்கள். ஒருவர் மற்றவரின் வழித்தோன்றல் அல்லர்.

சைவ சித்தாந்தத்தின் நிலையைத் தனியாக எழுதுகிறேன்.

#3 மறைக்கல்வி

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை எழுத்தில் தெளிவாக இருப்பதால் சொல்வது எளிது.

12 ஆகஸ்ட் 1950இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் வெளியிட்ட 'ஹுமானி ஜெனெரிஸ்' சுற்றுமடலின் 36ஆம் பத்தி: மனித உடல் முன்பே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்திருக்கலாமா என்று வல்லுநர்கள் ஆராயத் தடையில்லை. ஆன்மாவை மட்டும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார். 22 அக்டோபர் 1996இல் இரண்டாம் யோவான் பவுல், வத்திக்கான் அறிவியல் கழகத்துக்கு எழுதிய செய்தியில், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். அதே செய்தியில் ஆன்மாவைப் பற்றிய பழைய நிலையை மறுபடியும் உறுதி செய்தார்.

ஆக, தும்பி கேட்ட மூன்றாவது படியில்தான் நேரடிச் செயல். முதல் இரண்டுக்கும் எங்கள் மரபில் 'இரண்டாம் நிலைக் காரணம்' என்று ஒரு வழி இருக்கிறது. கடவுள் பொருள்களுக்கு ஆற்றல் தருகிறார், அவை தம் ஆற்றலால் செயல்படுகின்றன, அந்தச் செயல் முழுதும் அவற்றுடையது, முழுதும் அவருடையதும்கூட. தொடக்கநூல் 1:11இல் செடிகளை முளைப்பிக்கும்படி கட்டளை நிலத்துக்குத்தான் போகிறது. பழங்காலத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் இதை வைத்துத்தான் படைப்பின்போதே பொருள்களுக்குள் 'வித்துக் காரணங்கள்' இடப்பட்டன, காலம் வரும்போது அவை முளைக்கின்றன என்று விளக்கினார். இறையியலாளர் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி போனார். புதிய இனங்கள் தோன்றினால் அவை தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட ஆற்றல்களுக்குள் முன்பே இருந்தவையே என்கிறார். அழுகலிலிருந்து உயிரினங்கள் பிறப்பதையே அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டு ஆள், உயிரற்றதிலிருந்து உயிர் வருவதைப் பார்த்துக் கலங்கவே இல்லை.

சிக்கல் 37ஆம் பத்தியில் இருக்கிறது. மனிதகுலம் முழுதும் ஆதாம் என்ற ஒருவரிடமிருந்து வந்தது என்பதைக் கைவிட வழி தெரியவில்லை என்கிறது அந்தப் பத்தி. மக்கள்தொகை மரபியலோ, நம் மூதாதையர் கூட்டம் சில ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதில்லை என்கிறது. இதற்கு இறையியலாளர் சிலர் தரும் விடை: 'எல்லாரும் ஓரிணையிடமிருந்து வந்தவர்' என்பதும் 'எல்லாரும் ஓரிணையிடமிருந்து மட்டுமே வந்தவர்' என்பதும் ஒன்றல்ல. ஒரு கூட்டத்தில் இருவருக்கு ஆன்மா அருளப்பட்டு, அவர்கள் வழியினர் மற்றவர்களோடு கலந்தால், சில ஆயிரம் ஆண்டுகளில் எல்லார் குலவழியிலும் அந்த இருவர் இருப்பார்கள். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் ஆன்மா உள்ளவரும் இல்லாதவரும் சில தலைமுறை ஒரே குடிசையில் வாழ்ந்தார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். எனக்கு இது முள்ளாகவே உறுத்துகிறது.

#4 காயல் நூர்

இஸ்லாமிய மரபில் இரண்டாவது படி உண்மையில் பிரச்சினையே இல்லை. பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

இமாம் கஸ்ஸாலி 'தஹாஃபுத்' நூலின் 17ஆம் விவாதத்தில் பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்கொள்கிறார். நெருப்பு பட்டதும் பஞ்சு எரிகிறது. நாம் காண்பது இரண்டும் சேர்ந்து நிகழ்வதை மட்டுமே. நெருப்பு எரிக்கிறது என்பதை யாரும் கண்டதில்லை. எரிதலை ஒவ்வொரு கணமும் உண்டாக்குபவன் அல்லாஹ். நாம் 'இயற்கை விதி' என்பது அவன் மாறாமல் கடைப்பிடிக்கும் வழக்கம். அஷ்அரி இறையியல் பள்ளியின் இந்த நோக்கில் பார்த்தால், மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதும் பஞ்சு எரிவதும் ஒரே தரம்தான். ஒன்றில் இறைவன் இருக்கிறான், இன்னொன்றில் இல்லை என்று பிரிக்க முடியாது. அதனால் 'எந்தப் படியில்' என்ற கேள்விக்கே இங்கே விடை 'எல்லாப் படியிலும்' என்றுதான் வரும்.

முதல் படிக்குக் குர்ஆன் 21:30 போதும். உயிருள்ள ஒவ்வொன்றும் நீரிலிருந்து ஆக்கப்பட்டது என்கிறது. எப்படி என்று விவரிக்கவில்லை. இந்த வசனத்தில் செல்லின் நீரளவைத் தேடி விஞ்ஞான அற்புதம் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வசனம் தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றக் கூடாது.

முட்டுவது மூன்றாவது படியில், அதுவும் ஆதம் நபி ஒருவர் விஷயத்தில். 3:59 ஈசா நபியையும் ஆதமையும் ஒப்பிட்டு, மண்ணிலிருந்து படைத்து 'ஆகுக' என்றான் என்கிறது. தந்தையின்றிப் பிறந்தவருக்கு உவமையாக இவர் வருவதால், ஆதமுக்குப் பெற்றோர் இருந்தார்கள் என்று படிக்க பெரும்பாலான விரிவுரையாளர்கள் இடம்தரவில்லை. திரிப்போலியின் ஹுசைன் அல்ஜிஸ்ர் 1888இலேயே, பரிணாமம் ஐயமின்றி நிறுவப்பட்டால் வசனங்களுக்கு வேறு விளக்கம் தர வழியுண்டு, நிறுவப்படும்வரை வெளிப்பொருளே நிற்கும் என்றார். இன்று சிலர் எடுக்கும் நிலை 'தவக்குஃப்'. மற்ற உயிர்களின் பரிணாமத்தை ஏற்பது, ஆதமின் படைப்பு தனி அற்புதம் என்று நம்புவது, அவருக்கு முன்னோ உடனோ மனிதரை ஒத்தவர்கள் இருந்தார்களா என்பதில் வேதம் பேசாத இடத்தில் நாமும் பேசாமல் நிற்பது.

#5 குடுவை

மூன்று பேரும் இரண்டாவது படியை லேசாகத் தாண்டிவிட்டீர்கள். அங்கேதான் நெருடல் இருக்கு. 'தற்செயல்' என்ற சொல் உயிரியலில் எந்தப் பொருளில் வருதுன்னு சோதனையை வைத்தே சொல்கிறேன்.

1943, லூரியாவும் டெல்ப்ரூக்கும். கேள்வி இது: வைரஸைத் தாங்கும் பாக்டீரியா, வைரஸைப் பார்த்த பிறகு மாறுதா, பார்க்கும் முன்பே மாறியிருந்ததா? பல சிறு குழாய்களில் தலா சில பாக்டீரியாவைப் போட்டுத் தனித்தனியாக வளர்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றையும் வைரஸ் பூசிய தட்டில் ஊற்றி, பிழைத்த புள்ளிகளை எண்ணினார்கள். தேவை வந்தபோது மாறுகிறது என்றால் எல்லாத் தட்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை வரணும். வந்ததோ பல தட்டில் பூஜ்யம், சிலதில் நூற்றுக்கு மேல். காரணம், சில குழாயில் மாற்றம் தொடக்கத்திலேயே விழுந்து பெருகிவிட்டது, சிலதில் விழவே இல்லை. ஒப்புநோக்க ஒரே பெரிய குடுவையிலிருந்து பல தட்டுக்கு ஊற்றினால் எண்ணிக்கை சீராக வந்தது. ஆக, மாற்றம் தேவையைக் கேட்டு வருவதில்லை. உயிரியலில் 'தற்செயல்' என்பதன் பொருள் இவ்வளவுதான்: அந்த உயிருக்கு எது நல்லதோ அதோடு மாற்றத்துக்குத் தொடர்பில்லை. காரணமே இல்லை என்று பொருள் கிடையாது.

அடுத்தது 1988 பிப்ரவரியில் லென்ஸ்கி தொடங்கிய சோதனை. ஒரே ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து 12 குடுவை. ஒவ்வொன்றிலும் 10 மி.லி. திரவம், லிட்டருக்கு 25 மி.கி. குளுக்கோஸ், 37 டிகிரி. தினமும் 0.1 மி.லி. எடுத்துப் புது 9.9 மி.லி.யில் விடணும். நூறு மடங்கு பெருகினால்தான் பழைய அளவு வரும், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 6.6 தலைமுறை. 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து உறைய வைக்கணும். திரவத்தில் சிட்ரேட்டும் உண்டு, ஆனால் ஆக்ஸிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் அதைத் தின்ன முடியாது. சுமார் 33,000ஆவது தலைமுறையில், 12இல் ஒரே ஒரு குடுவை கலங்கலானது. சிட்ரேட்டைத் தின்னத் தொடங்கிவிட்டது. உறைய வைத்த பழைய மாதிரிகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தால், 20,000ஆவது தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளில்தான் அந்தத் திறன் திரும்ப வந்தது. முன்னால் விழுந்த ஏதோ மாற்றம் வழிவிட்டிருக்கு. கடைசி மாற்றம் என்னவென்றால், சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் புரதத்தின் மரபணு இரட்டித்து, ஆக்ஸிஜன் இருக்கும்போதும் வேலைசெய்யும் ஒரு தொடக்கிக்கு (மரபணுவை இயக்கிவிடும் பகுதிக்கு) பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

இப்போ என் கேள்வி. கடவுள் மாற்றங்களைத் 'திருப்பிவிடுகிறார்' என்றால், பதினோரு குடுவையில் ஏன் இல்லை? மனிதரில் குழந்தை ஒன்றுக்குப் புதிதாக ஏறத்தாழ 70 மாற்றம் விழுது. பெரும்பாலானவை எதுவும் செய்யாதவை. சில நோய் தருபவை. எதில் கை, எதில் கையில்லை?

#6 மறைக்கல்வி

குடுவை, இந்தக் கேள்வியை டார்வினே கேட்டுவிட்டார். அதுவும் நம்பிக்கையாளரான நண்பரிடம்.

ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே ஆழ்ந்த கிறித்தவர். மாற்றங்கள் நன்மையான தடங்களில் நடத்தப்படுகின்றன என்று நாம் கொள்ளலாம் என்றார். டார்வின் 1868இல் வெளியிட்ட நூலின் கடைசிப் பக்கங்களில் விடை சொன்னார். மலையடிவாரத்தில் உருண்டு கிடக்கும் கற்களை எடுத்து ஒருவர் வீடு கட்டுகிறார். ஆப்பு வடிவானவை வளைவுக்கு, நீண்டவை நிலைக்கு மேலே, தட்டையானவை கூரைக்கு. ஒவ்வொரு கல்லும் அந்த வடிவில் உடைய காரணம் உண்டு, பாறையின் அடுக்கு, மழை, அதிர்வு என்று. ஆனால் இந்த வீட்டுக்காகத்தான் அந்தக் கல் அப்படி உடைந்தது என்று சொல்ல முடியுமா? 22 மே 1860 கடிதத்தில் இன்னும் கூர்மையாகக் கேட்டிருந்தார். கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலுக்குள்ளேயே குஞ்சுகள் தின்னும்படி முட்டையிடும் குளவியை, நல்ல இறைவன் வேண்டுமென்று படைத்திருப்பானா என்று.

கிரேயின் வழி தோற்றது என்றே நான் நினைக்கிறேன். தோற்றதற்குக் காரணம், அவர் கடவுளைக் காரணங்களில் ஒன்றாக, மற்றக் காரணங்களோடு வரிசையில் நிறுத்தினார். மழை தள்ளியது, அதிர்வு தள்ளியது, கொஞ்சம் கடவுளும் தள்ளினார் என்பதுபோல. அக்குவினாஸ் அப்படிச் செய்யவில்லை. புறவினத்தாருக்கு எதிரான நூலின் மூன்றாம் பகுதி, 74ஆம் அதிகாரத்தின் தலைப்பே இறைப்பராமரிப்பு தற்செயலை நீக்குவதில்லை என்பதுதான். தற்செயலாக நடக்கும் காரணங்களும் அவர் படைத்த ஒழுங்கின் பகுதி என்கிறார். பதினோரு குடுவையில் வராததும் ஒன்றில் வந்ததும் அந்த ஒழுங்குக்குள் சமம். குளவிக்கு இது விடை ஆகாது. துன்பத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

குவாண்டம் அளவில் கடவுள் செயல்படுகிறார், அங்கே விதி மீறப்படாமல் விளைவை மாற்றலாம் என்று சில இறையியலாளர் எழுதுகிறார்கள். அதுவும் கிரேயின் வழியே, கருவிதான் சிறிது.

#7 வேர்ச்சொல்

நீங்கள் எல்லாரும் பரிணாமத்தை ஒப்புக்கொண்டே பேசுகிறீர்கள். ஆதியாகமம் 1இல் "தங்கள் தங்கள் ஜாதியின்படியே" என்பது திரும்பத் திரும்ப வருகிறது. எபிரேயத்தில் 'மின்'. 1941இல் இதிலிருந்து 'பராமின்', அதாவது படைக்கப்பட்ட வகை, என்ற சொல்லை உண்டாக்கினார்கள். வகைக்குள் மாற்றம் வரும், ஓநாயும் நாயும் ஒரே வகை. வகையைத் தாண்டி வராது. வேத வசனத்தை நேராக எடுப்பவர்களின் நிலை இது. பரிகாசம் செய்யாமல் விடை சொல்லுங்கள்.

#8 குடுவை

பரிகாசம் இல்லை. கணக்காகப் பார்ப்போம்.

பேராயர் அஷர் வேதாகமத்தை வைத்து 1650இல் போட்ட காலவரிசைப்படி நோவாவின் வெள்ளம் கி.மு. 2348. பேழையில் ஏறியவை சில ஆயிரம் வகை என்றால், இன்றைக்கு நிலத்தில் வாழும் இனங்கள் எல்லாம் 4,400 ஆண்டுக்குள் அவற்றிலிருந்து பிரிந்திருக்கணும். எந்தப் பரிணாம உயிரியலாளரும் சொல்லத் துணியாத வேகம் அது. பரிணாமத்தை மறுக்கக் கிளம்பி, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமான பரிணாமத்தை ஏற்க வேண்டிவருது.

அடுத்தது தழும்புகள். வைட்டமின் சி செய்யும் கடைசி நொதியின் மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கு. குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் உடைந்திருக்கு, பல இடத்தில் ஒரே மாதிரி உடைசல். வாலில்லாப் பெருங்குரங்குகளுக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற எழுத்துத் தொடர், இரண்டு நுனிகள் முட்டி ஒட்டிய கோலத்தில் இருக்கு. தனித்தனியாகப் படைத்திருந்தால் ஒட்டுப்போட்ட தடம் எதற்கு? இதற்கு 'வகை' என்ற சொல்லால் விடை வராது.

#9 மறைக்கல்வி

வேர்ச்சொல் அவர்களுக்கு ஒன்று மட்டும். நேர்ப்பொருள்தான் பழைமையான வாசிப்பு என்று நினைக்க வேண்டாம். 'ஆதியாகமத்தின் நேர்ப்பொருள்' என்றே பெயரிட்ட நூலில் அகுஸ்தீன் ஆறு நாளை 24 மணி நேர நாளாக எடுக்கவில்லை, எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன என்றார். டார்வினுக்கு 1,400 ஆண்டு முன்னால். உங்கள் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லவில்லை, அது ஒன்றே திருச்சபையின் ஆதி வழி அன்று என்கிறேன்.

பாக்டீரியா நீந்தச் சுழற்றும் கசையிழையைக் காட்டி 'இதைப் பிரித்தால் வேலை செய்யாது, ஆகவே வடிவமைத்தவர் உண்டு' என்ற வாதமும் யாராவது கொண்டுவருவார்கள், அதனால் இப்போதே. அமெரிக்காவின் டோவர் பள்ளி வழக்கில் 20 டிசம்பர் 2005 தீர்ப்பு அதை அறிவியல் அல்ல என்றது. அதற்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் உயிரியலாளர் கென்னத் மில்லரும் இறையியலாளர் ஜான் ஹாட்டும் கத்தோலிக்கர்கள். கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களில் ஏறத்தாழ பத்து, நோய்க்கிருமிகள் நஞ்சு செலுத்தும் ஊசியமைப்பிலும் ஒத்த வடிவில் இருக்கின்றன. சுழலாமலே அவற்றுக்கு வேலை உண்டு.

#10 வெண்ணெய்நல்லூரான்

சித்தாந்தத்துக்கு வருகிறேன்.

சிவஞானபோத முதல் சூத்திரம்: "அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின் / தோற்றிய திதியே ஒடுங்கிமலத் துளதாம் / அந்தம் ஆதி என்மனார் புலவர்." உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது. ஒடுங்கியதிலிருந்தே மறுபடி தோன்றுகிறது. இங்கே இன்மையிலிருந்து படைப்பு கிடையாது. இல்லது தோன்றாது என்பது சற்காரியவாதம். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம்.

குயவன் உவமையைத் தப்பாகப் பிடிக்கக் கூடாது. குயவன் ஒவ்வொரு பானையையும் கையால் அழுத்துவதுபோல இறைவன் ஒவ்வொரு மாற்றத்தையும் அழுத்துவதில்லை. அதற்கு வேறோர் உவமை உண்டு. ஞாயிற்றின் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று மொட்டாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது. ஞாயிறு விகாரப்படுவதில்லை, வேறுபாடு தாமரையின் பக்குவத்தில். லென்ஸ்கியின் பன்னிரண்டு குடுவைக்கும் இதுவே எங்கள் விடை.

உயிர் எப்போது தோன்றியது என்ற கேள்வி எங்களுக்கு இல்லை. பதியாகிய இறைவனைப் போலப் பசுவாகிய உயிரும் அநாதி. தோன்றுவது உடல்தான். தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் மாயையிலிருந்து உயிருக்காகக் கொடுக்கப்படுகின்றன. ஆதலால் மறைக்கல்வியைக் குத்தும் முள் எங்களுக்கு இல்லை. எந்த உடலில் எப்போது ஆன்மா வந்தது என்ற எல்லைக்கோடே இல்லை. ஓரறிவு உடலிலும் அதே உயிர்தான்.

எங்களுக்கு வேறு முள். வினை ஈட்டுவதற்கு உரியது மனிதப் பிறவி, மற்றவை பெரும்பாலும் துய்ப்பதற்கு. பூமியில் உயிர்த்தடம் ஏறத்தாழ 350 கோடி ஆண்டு. அதில் பெரும்பகுதி ஓரணுவுயிர்கள் மட்டும். மனிதனே இல்லாதபோது யார் ஈட்டிய வினைக்கு அந்த உடல்கள்? விடை இரண்டு வழியாக வரும். முந்திய சிருட்டியில் எஞ்சிய வினை என்பது ஒன்று. 224 புவனங்களில் இந்தப் பூமி ஒன்று, வினை ஈட்டும் இடம் இது மட்டுமன்று என்பது மற்றொன்று. நூலுக்குள் இது முரணில்லாமல் பொருந்துகிறது. வெளியே நின்று கேட்பவருக்குக் காட்டிக் கொடுக்க என்னிடம் பொருள் இல்லை.

இன்னொன்று, இதில் மழுப்ப முடியாது. நால்வகைத் தோற்றத்தில் முட்டை, கருப்பை, வித்து மூன்றும் இன்றும் நிற்கின்றன. நான்காவதான சுவேதசம், வியர்வையிலிருந்து பேனும் கிருமியும் பிறக்கும் என்பது, நிற்கவில்லை. பேன் ஈரிலிருந்து வருகிறது, ஈர் முட்டை. அந்த வகையைக் காட்சிப் பிழை என்று விட்டுவிடுவதில் சித்தாந்தத்துக்கு நட்டமில்லை.

#11 குடுவை

ஐயா, இந்த நேர்மைக்கு நன்றி. சுவேதசத்தைத் தொட்டதால் முதல் படியைப் பேசிவிடலாம். இந்தப் படியில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

ஆட்டிறைச்சிச் சாற்றைச் சுடவைத்துக் கார்க்கால் மூடி, நாலு நாளில் நுண்ணுயிர் வந்ததைக் காட்டி, உயிர் தானாகப் பிறக்கிறது என்று 1748இல் எழுதிய நீதம் ஒரு கத்தோலிக்கக் குரு. கண்ணாடிக் கழுத்தை உருக்கி அடைத்து, முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்து, ஒன்றும் வரவில்லை என்று மறுத்த ஸ்பல்லன்சானியும் குருதான். அவ்வளவு சூடு 'உயிர்தரு விசை'யையே கொன்றுவிட்டது என்றார் நீதம். சமயம் ஒரு பக்கம், விஞ்ஞானம் மறுபக்கம் என்ற கோடு அங்கே இல்லவே இல்லை.

பாஸ்டர் அந்த மறுப்புக்கும் வழி அடைத்தார். ஈஸ்ட் சாறு கலந்த சர்க்கரை நீர். குடுவையின் கழுத்தைச் சூட்டில் இழுத்து அன்னக் கழுத்தாக வளைக்கணும், நுனி திறந்தே இருக்கணும். கொதிக்க வைத்து ஆறவிட்டால் காற்று உள்ளே போகும், தூசி வளைவின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். திரவம் மாதக்கணக்கில் தெளிவு. குடுவையைச் சாய்த்துத் திரவத்தை வளைவுவரை விட்டுத் திரும்ப நிமிர்த்தினால் சில நாளில் கலங்கும். 1860இல் அடைத்த குடுவைகளை இடமிடமாகத் திறந்து மூடினார். ஆர்புவா அடிவாரத்தில் 20இல் 8 கெட்டன, ஜூரா மலையில் 850 மீட்டரில் 20இல் 5, மோன்டன்வேர் பனியாற்றருகே 20இல் 1.

பாஸ்டரை எதிர்த்த புஷே 1863இல் பிரனீஸ் மலையேறி அதையே செய்தார், எல்லாக் குடுவையும் கெட்டது. பொய் சொல்லவில்லை. அவர் பயன்படுத்தியது வைக்கோல் சாறு. வைக்கோல் பாசில்லஸின் வித்துகள் கொதிநீரில் சாகாது. இது 1876-77இல் கோனும் டிண்டலும் காட்டிய பிறகுதான் விளங்கியது. டிண்டலின் வழி எளிது: கொதிக்க வை, ஒருநாள் விடு, வித்து முளைக்கட்டும், மறுபடி கொதிக்க வை, மூன்று நாள் இப்படி. புஷேயும் நம்பிக்கையாளர்தான். தானாகப் பிறப்பதும் படைத்தவன் ஏற்பாடு என்றார்.

பாஸ்டர் காட்டியது, இன்றைய சாற்றில் சில நாளில் முழு பாக்டீரியா தானாக வராது என்பது. 400 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன நடக்கும் என்பதை அந்தக் குடுவை பேசவில்லை. 'பாஸ்டர் நிரூபித்துவிட்டார், ஆகவே கடவுள்' என்பது தவறு. 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவியில் ஒரு வாரம் மின்பொறி விட்டு அமினோ அமிலம் எடுத்தார், ஆகவே உயிர் கிடைத்துவிட்டது என்பதும் தவறு. அங்கே பெரும்பகுதி தார்தான். வந்த அமினோ அமிலங்களும் இடக்கை, வலக்கை சரிபாதி. நம் புரதமோ இடக்கை மட்டும். அன்றைய காற்றில் அவ்வளவு மீத்தேனும் அம்மோனியாவும் இருந்ததா என்பதே ஐயம்.

#12 காயல் நூர்

ஆக, இன்றைக்கு விளங்காத இடத்தில் இறைவனைக் குடிவைத்தால், நாளை விளங்கும்போது அவனைக் காலி செய்யச் சொல்ல வேண்டிவரும். கஸ்ஸாலி விளங்கிய பஞ்சிலும் நெருப்பிலும்தான் அவனைக் காட்டினார். இது எனக்குப் பெரிய பலம்.

#13 தும்பி

குடுவை, வெண்ணெய்நல்லூரான் இருவருக்கும் ஒன்று. மணிமேகலை 27ஆம் காதையில் பூதவாதி பேசுகிறான்: "தாதகிப் பூவும் கட்டியும் இட்டு / மற்றும் கூட்ட மதுக்களி பிறந்தாங்கு / உற்றிடு பூதத்து உணர்வு தோன்றிடும்." பூவிலும் வெல்லத்திலும் இல்லாத போதை, சேர்ந்ததும் வருகிறது. அதுபோல உணர்வில்லாத பூதங்கள் (மண், நீர் போன்றவை) சேர்ந்ததும் உணர்வு வரும். கடவுள் தேவையில்லை என்ற கட்சியின் தமிழ் வாக்குமூலம் இது. இதை எப்படி எடுக்கிறீர்கள்?

#14 வெண்ணெய்நல்லூரான்

அந்த உவமையிலேயே விடை இருக்கிறது. அரிட்டம் என்ற நொதிக்கவைத்த மருந்து போடுகிறவர்கள் இன்றும் தாதகிப் பூ போடுகிறார்கள். கஷாயம் நன்றாக ஆறிய பிறகே பூவைப் போட வேண்டும். சூட்டில் போட்டால் பொங்காது. வாய் மூடி வைத்த பானையைத் திறந்து விளக்கைக் காட்டினால் நொதிக்கும் காலத்தில் சுடர் அணையும், முடிந்த பிறகு அணையாது.

சூட்டில் போட்டால் ஏன் பொங்காது? பூவின் தேனில் ஈஸ்ட் இருக்கிறது. அது உயிர். உயிரற்றவை கூடி மது பிறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று பூவோடு வந்து செய்தது. பூதவாதி தன் கட்சிக்குத் தேர்ந்த சான்று எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

#15 குடுவை

அழகான வாசிப்பு ஐயா, பாஸ்டரும் இதைத்தான் சொன்னார். ஆனால் கதை 1897இல் திரும்புது. புக்னர் ஈஸ்டை மணலோடும் டயட்டம் மண்ணோடும் சேர்த்து அரைத்து, துணியில் கட்டிப் பெரிய அழுத்தத்தில் பிழிந்தார். வந்த சாற்றில் உயிருள்ள அணு இல்லை. கெடாமல் இருக்கட்டும் என்று சர்க்கரையைக் கொட்டினார். குமிழி வரத் தொடங்கியது. கரியமில வாயுவும் சாராயமும். உயிரில்லாத சாறு மது செய்தது. பூதவாதிக்குப் பாதி வழக்கு திரும்பக் கிடைச்சது.

#16 வெண்ணெய்நல்லூரான்

பாதிதான். அந்த நொதியைச் செய்து வைத்தது உயிருள்ள ஈஸ்ட். பூதவாதியே அடுத்த வரிகளில், உயிரோடு கூடிய பூதம் அதன் வழியும் உயிரில்லாத பூதம் அதன் வழியும் பிறக்கும் என்று பிரித்துக்கொள்கிறான். ஈஸ்ட் இல்லாமல் முதல் நொதி எங்கிருந்து வந்தது?

#17 குடுவை

அதைத்தான் 1982இலிருந்து தேடுறாங்க. ஒரு குளத்து ஓரணுவுயிரின் ஆர்என்ஏ, எந்தப் புரதமும் தொடாமல் தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்வதை செக் அந்த ஆண்டு கண்டார். செய்தியும் நொதியும் ஒரே மூலக்கூறு. ஆர்என்ஏயின் கட்டைகளை எளிய வேதிப்பொருளிலிருந்து செய்வது பல காலம் முடியாமல் இருந்தது. ரைபோஸ் சர்க்கரையைத் தனியாகச் செய்து காரத்தோடு ஒட்டப் பார்த்தால் ஒட்டவில்லை. 2009இல் சதர்லாண்ட் குழு இரண்டையும் தனித்தனியாகச் செய்யாமல், இரண்டுக்கும் பொதுவான இடைப்பொருள் ஒன்றின் வழியாக இரண்டு கட்டைகளைச் செய்து காட்டியது. நாலில் இரண்டு. தன்னைத் தானே முழுதாகப் படியெடுக்கும் ஆர்என்ஏ இன்னும் கைக்கு வரலை.

வந்தால் உங்கள் சூத்திரத்தில் எதை மாற்றணும் ஐயா?

#18 வெண்ணெய்நல்லூரான்

ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஆர்என்ஏயும் தனுவே, மாயையின் காரியம். அதில் எந்த உயிர் வந்து பொருந்துகிறது என்பதுதான் அப்போதும் எங்கள் கேள்வி. சுவேதசம் என்ற வகையை மட்டும், பேனுக்கல்லாமல் வேறொன்றுக்காகத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.